தோட்டப்புறத்தில் இருந்துகொண்டு ஒரு டைகர் டாங்கி கட்டுவது எப்படி? முதல் முறை செய்பவர்களுக்கு

டைகர் என்பது இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஓட்டிய கனமான டாங்கி. அதன் சிறு மாடலை, பிளாஸ்டிக் துண்டுகள் அடங்கிய கிட் பெட்டியிலிருந்து வெட்டி ஒட்டிச் செய்வதைத்தான் சொல்கிறேன். நான் இருப்பது மலேசியாவின் பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட். மாடல் கிட் விற்கும் கடை இங்கே கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை. என் முதல் டைகரில் இரண்டு மாத உழைப்பும் ஏறக்குறைய 300 வெள்ளியும் வீணாகப் போயின. மழை வரும் நேரத்தில் ஸ்ப்ரே அடித்ததால் டாங்கி முழுக்க சாம்பல் பூத்த மாதிரி வெளுத்தது. அதற்கு மேல் வாஷ் என்ற மெல்லிய நிழல் வண்ணத்தை ஊற்றினேன், சக்கரம் தாங்கும் கைகள் நாலு உடைந்தன. இரண்டாவது டைகர் இப்போது அலமாரியில் நன்றாக நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் பணமும் பொறுமையும் மிச்சமாகட்டும்.

இங்கே சொல்வதெல்லாம் 1/35 அளவு, அதாவது நிஜத்தில் 35இல் ஒரு பங்கு இருக்கும் பிளாஸ்டிக் கிட்டுக்கு. நிஜ டைகர் பீரங்கியோடு சேர்த்து 8.45 மீட்டர் நீளம், அதனால் மாடல் ஏறக்குறைய 24 சென்டிமீட்டர் வரும். வைக்க இடம் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இடம் குறைவென்றால் 1/48 அளவிலும் கிடைக்கிறது, அது 18 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

1. எந்தக் காலத்து டைகர் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"டைகர் ஒன்று வேண்டும்" என்று மட்டும் நினைத்துக்கொண்டு வாங்கப் போகாதீர்கள். டைகர் 1 டாங்கியை 1942 ஆகஸ்ட் முதல் 1944 ஆகஸ்ட் வரை இரண்டு வருடம் தயாரித்தார்கள். அந்த இரண்டு வருடமும் எதையாவது மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பெட்டியில் முந்தையது, நடுத்தரம், பிந்தையது என்று போட்டிருப்பது இதைத்தான்.

புதிதாகச் செய்பவருக்கு முக்கியமான வித்தியாசங்கள் மூன்று.

முந்தைய வகையில் தளபதி தலை நீட்டும் சிறு கோபுரம் டிரம் மாதிரி உயரமாக இருக்கும். 1943 நடுவில் அது தாழ்வான வடிவத்துக்கு மாறியது.

முந்தைய வகைச் சக்கரங்களில் ரப்பர் விளிம்பு உண்டு. ஒரு பக்கம் எட்டு அச்சு, அச்சுக்கு மூன்று சக்கரம், ஆக 24. இரண்டு பக்கமும் சேர்த்து 48. பிந்தைய வகையில் இரும்புச் சக்கரம், பக்கத்துக்கு 16தான்.

மூன்றாவது சிம்மரிட். காந்தக் கண்ணிவெடி ஒட்டாமல் இருக்க டாங்கியின் மேல் பூசிய வரிவரியான சிமெண்ட் மாதிரியான பூச்சு அது. 1943 ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் தொழிற்சாலையிலேயே பூச ஆரம்பித்தார்கள். பிந்தைய டைகர் செய்தால் பெரும்பாலும் இந்த வரிகளை நீங்கள்தான் புட்டியில் கீறிக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் அதற்கென்று விற்கும் ஒட்டுத்தாளைத் தனியாக வாங்க வேண்டும்.

சக்கரம் குறைவு என்று ஆசைப்பட்டுப் பலர் பிந்தைய வகையை எடுத்துவிட்டு சிம்மரிட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். என் கருத்து, முதல் முறைக்கு முந்தைய வகையே சரி. 48 சக்கரம் செய்வது நேரம் பிடிக்கும் வேலைதான், கஷ்டமான வேலை இல்லை. அதுவும் 1943 பிப்ரவரிக்குப் பிறகு, கோடைக்குள் வெளிவந்த டாங்கியாக எடுத்துக்கொண்டால் இன்னொரு வசதி. அந்தப் பிப்ரவரியிலிருந்துதான் தொழிற்சாலையில் அடர்மஞ்சள் நிறம் அடித்து அனுப்பினார்கள். பச்சையும் செம்பழுப்பும் படைப்பிரிவுகள் பிறகு தாங்களே அடித்துக்கொண்டவை. ஆகவே ஒரே மஞ்சளில் விட்டாலும் தப்பில்லை, ஏர்பிரஷ் வாங்கும் செலவும் வராது.

நான் இரண்டாவது முறை எடுத்தது ஜப்பானிய மாடல் நிறுவனமான தாமியாவின் 35216 எண் கிட், முந்தைய வகை. துண்டுகள் கச்சிதமாகப் பொருந்தும், தாளில் படம் தெளிவாக இருக்கும். உள்ளே எஞ்சின், குண்டு அடுக்கு எல்லாம் வரும் கிட்டுகளும் இருக்கின்றன. முதல் முறைக்கு அவை வேண்டாம். பாதியில் விட்டுவிடுவீர்கள்.

2. செலவுக் கணக்கு

நான் கொடுத்த விலை இது. கடைக்குக் கடை ஐந்து பத்து கூடக்குறைய இருக்கும்.

கிட் 189 வெள்ளி
நிப்பர் (துண்டுகளை வெட்டும் சிறு குறடு) 25
கத்தி 12
மெல்லிய சிமெண்ட் பசை, பச்சை மூடி 18
உப்புத்தாள், 400 முதல் 1000 வரை 6
பிரைமர் (அடிப்பூச்சு) ஸ்ப்ரே 38
தாமியா ஸ்ப்ரே டின்கள்: அடர்மஞ்சள் டிஎஸ்-3, பளபள வார்னிஷ் டிஎஸ்-13, மங்கல் வார்னிஷ் டிஎஸ்-80, மூன்றும் சேர்த்து 102
தாமியா சிறு அக்ரிலிக் வண்ணக் குப்பி (எக்ஸ்எஃப் எண்கள்) ஆறு 54
எக்ஸ்-20ஏ தின்னர் 14
எக்ஸ்-20 தின்னர் 14
வாஷ் 20
டீக்கால் (நனைத்து ஒட்டும் எண், சின்னப் படங்கள்) திரவம் 15
தூரிகைகள் 15
சூப்பர் குளூ 5
கரிவடிகட்டி உள்ள முகமூடி 45

மொத்தம் 572 வெள்ளி. கிட் விலையைப் பார்த்துவிட்டு 200 வெள்ளியோடு இறங்குபவர்கள்தான் நடுவில் நின்றுபோகிறார்கள். ஒரே சம்பளத்தில் எல்லாம் வாங்க வேண்டியதில்லை. முதல் மாதம் கிட், நிப்பர், கத்தி, பசை, உப்புத்தாள் போதும். ஒட்டி முடிக்கவே ஒரு மாதம் ஆகும். ஸ்ப்ரேயும் வண்ணமும் அடுத்த மாதம்.

தின்னர் இரண்டையும் கவனியுங்கள். எக்ஸ்-20ஏ அக்ரிலிக் வண்ணத்துக்கு. எக்ஸ்-20 எனாமலுக்கு, அதாவது வாஷுக்கு. ஓர் எழுத்துதான் வித்தியாசம், குப்பியும் ஒரே மாதிரி இருக்கும். ஒன்றில் கலக்க வேண்டியதை மற்றதில் கலந்தால் வண்ணம் தயிர் திரிந்த மாதிரி கட்டிக்கட்டியாகிவிடும். வாங்கி வந்த அன்றே மார்க்கர் பேனாவால் மூடியில் பெரிதாக எழுதிவையுங்கள்.

முகமூடியில் மிச்சம் பிடிக்காதீர்கள். கோவிட் காலத்து முகக்கவசம் ஸ்ப்ரேயின் ஆவியைத் தடுக்காது.

3. வாங்குவதும் வந்து சேர்வதும்

ஸ்ப்ரே டின்னையும் தின்னரையும் ஈப்போ போய்க் கையில் வாங்கிக்கொண்டு வருகிறேன். இங்கிருந்து 30 கிலோமீட்டர்தான். இவை தீப்பற்றும் பொருட்கள், விமானத்தில் வரும் பொட்டலத்தில் அனுப்ப முடியாது. வெளிநாட்டு விற்பனையாளரிடம் கிட்டோடு சேர்த்து ஆர்டர் செய்தால் மொத்தமும் தங்கிவிட வாய்ப்பு உண்டு. கிட்டைத் தனியாக வரவழையுங்கள். வாங்கிய டின்களை வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியிலோ விடக்கூடாது.

வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கினால் 500 வெள்ளி வரையிலான பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. 2024 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. பெரிய இணையச் சந்தைகளில் பணம் கட்டும்போதே அதையும் சேர்த்துக் காட்டுவார்கள். விலையை ஒப்பிடும்போது இந்த வரியையும் அனுப்பும் செலவையும் கூட்டிப் பாருங்கள். பல நேரம் உள்ளூர் விலையே குறைவாக வரும்.

முகவரிதான் நமக்குப் பெரிய தலைவலி. தோட்டத்து லயத்தில் இருப்பவர்களுக்கு வீட்டு எண் இருந்தாலும் சாலைப் பெயர் இருக்காது. அனுப்புகிற ஆள் உள்ளே வராமலேயே "வீட்டில் ஆள் இல்லை" என்று போட்டுவிட்டுப் போய்விடுவார். என் பொட்டலம் ஒன்று இப்படி இரண்டு முறை திரும்பியது. இப்போது டவுனில் கடை வைத்திருக்கும் சித்தப்பாவின் முகவரியைக் கொடுக்கிறேன். அப்படி யாரும் இல்லையென்றால் டவுன் அலுவலகத்தில் நேரில் எடுத்துக்கொள்வதாகப் போடுங்கள். போகும்போது அடையாள அட்டையும் பொட்டல எண்ணும் கையில் இருக்கட்டும்.

பாதுகாக்க வேண்டிய சீட்டுகள்: விலைச்சீட்டு, பணம் கட்டிய ஆதாரம், பொட்டல எண், பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் கிட் எண்ணின் படம். பொட்டலத்தைப் பிரிக்கும்போதே கைபேசியில் வீடியோ எடுங்கள். எதற்கு என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

4. பெட்டியைத் திறந்த அன்று எதையும் வெட்டாதீர்கள்

முதல் டைகரை நான் பழைய கையில், அதாவது செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். திறந்தவுடனே ஆசையில் வெட்ட ஆரம்பித்துவிட்டேன். பத்து நாள் கழித்துத்தான் ஒரு சட்டம் குறைவது தெரிந்தது. விற்றவரிடம் கேட்டபோது, "எல்லாம் சரியாகத்தானே அனுப்பினேன், நீங்கள்தான் எங்கோ தொலைத்திருப்பீர்கள்" என்றார். என்னிடம் காட்ட ஓர் ஆதாரமும் இல்லை.

துண்டுகள் கோத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து உண்டு. குறிப்புத்தாளில் அந்த எழுத்துகளின் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து, தாளில் டிக் செய்து, படம் எடுத்து வையுங்கள். குறைந்தால் அன்றே எழுதுங்கள். தாமியா குறிப்புத்தாளின் கடைசிப் பக்கங்களில் உதிரித்துண்டுக்கான எண்கள் இருக்கும், அதனால் அந்தத் தாளைக் கடைசிவரை தூக்கி எறியாதீர்கள்.

டீக்கால் தாளை உடனே ஜிப் பைக்குள் போட்டு, மாத்திரை டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைச் சேர்த்து மூடுங்கள். நம் ஊர் ஈரத்தில் அது மஞ்சளாகிவிடும். பழைய கையில் வாங்கும் பெட்டிகளில் பாதி இப்படித்தான் கெட்டுப்போயிருக்கும்.

அப்புறம் சட்டங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் கழுவி, இரவு முழுக்க விசிறிக்கு அடியில் காயவையுங்கள். அச்சிலிருந்து எடுக்கத் தடவிய எண்ணெய் போக வேண்டும். அது இருந்தால் வண்ணம் பிடிக்காது.

5. வெட்டுவதும் ஒட்டுவதும்: இரண்டு வாரம்

துண்டுக்கு மிக அருகில் ஒரே வெட்டாக வெட்டினால் பிளாஸ்டிக் வெளுத்துக் குழி விழும். முதலில் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி வெட்டுங்கள். பிறகு மிச்சத்தை வெட்டி, கடைசித் துளியைக் கத்தியால் சீவி, உப்புத்தாள் போடுங்கள்.

பச்சை மூடிப் பசை தண்ணீர் மாதிரி ஓடும். இரண்டு துண்டையும் முதலில் பொருத்திப் பிடித்துக்கொண்டு, இடுக்கில் தூரிகை நுனியால் தொட்டாலே போதும், தானாக உள்ளே ஓடிப் பிளாஸ்டிக்கை உருக்கிச் சேர்த்துவிடும். பிடித்திருக்கும் விரல் இடுக்கின் மேல் இருந்தால் விரலுக்கு அடியிலும் ஓடி, உங்கள் ரேகை கவசத்தில் பதிந்துவிடும். பிடிக்கும்போது இடுக்கைவிட்டு விரலைத் தள்ளி வையுங்கள்.

சக்கரக் கைகளில் மட்டும் நிதானம் வேண்டும். ஒரு பக்கத்தின் எட்டுக் கைகளையும் ஒட்டி, பசை இளகலாக இருக்கும்போதே ஓர் இரும்பு ஸ்கேலை அவற்றின் நுனிமேல் வைத்துப் பாருங்கள். எட்டும் ஸ்கேலைத் தொட வேண்டும். ஒன்று மேலே தூக்கினாலும் அந்தச் சக்கரம் தரையைத் தொடாது, 57 டன் டாங்கி காற்றில் மிதப்பது போலத் தெரியும். சரிசெய்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள்.

சக்கரங்களையும் சங்கிலிப் பட்டையையும் இப்போது உடலில் ஒட்டாதீர்கள். தனியாக வண்ணம் அடித்த பிறகுதான்.

6. நாற்பத்தெட்டுச் சக்கரம்: ஒரு வாரம்

என் அக்கா மகன் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "மாமா, ஏன் சக்கரம் ஒன்னுக்குள்ள ஒன்னு போகுது?" என்று கேட்டான். இவ்வளவு கனத்தைப் பரவலாகத் தாங்கத்தான் அப்படி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். நமக்கு இதில் முக்கியம், உள்வரிசை எது, வெளிவரிசை எது என்பது குழம்பாமல் இருப்பது. முட்டை அட்டை ஒன்றை எடுத்து, குழிகளில் தாளின் எண்ணை எழுதி, வகைவகையாகப் போட்டுவையுங்கள்.

ரப்பர் விளிம்புக்கு நான் செய்வது இது. சக்கரத்தைச் சாத்தே குச்சி நுனியில் இறுக்கமாகச் செருகுங்கள். எக்ஸ்எஃப்-85 ரப்பர் கறுப்பில் எக்ஸ்-20ஏ கலந்து பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். மெல்லிய தூரிகையை விளிம்புக்கும் இரும்புக்கும் நடுவிலுள்ள கோட்டில் தொட்டு அசையாமல் பிடித்துக்கொண்டு, குச்சியை மற்றக் கை விரல்களால் மெதுவாக உருட்டுங்கள். வண்ணம் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு சுற்றி வரும். தூரிகையை நகர்த்திப் போட்டால் ஒருநாளும் வட்டம் வராது. முதல் ஐந்தாறு சக்கரம் கோணலாகத்தான் இருக்கும். அவற்றை உள்வரிசைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வெளியே தெரியாது.

இதை மஞ்சள் நிறமும் பளபள வார்னிஷும் அடித்துக் காய்ந்த பிறகு செய்யுங்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு போதும். அதற்கு மேல் கண் வலிக்கும், கையும் நடுங்கும்.

7. ஸ்ப்ரே: மணியைப் பார்த்து அடியுங்கள்

இந்தப் படியில்தான் நான் கெட்டேன். ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு குளிர்ந்துபோகும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து, வண்ணத்துக்குள் சிக்கி வெளுத்துவிடும். நம் ஊரில் விடிகாலை பனி, சாயங்காலம் மழை. இரண்டு நேரமும் ஆகாது.

12 வெள்ளிக்கு ஓர் ஈரமானி வாங்கிச் சுவரில் மாட்டினேன். என் வீட்டில் காலை ஏழு மணிக்கு ஈரம் 90 விழுக்காட்டுக்கு மேல் காட்டுகிறது. நல்ல வெயில் நாளில் பதினொன்றிலிருந்து இரண்டு வரை 65க்கு இறங்குகிறது. நான் அடிப்பது அந்த நேரத்தில் மட்டும். 75க்கு மேல் இருந்தால் எவ்வளவு ஆசை இருந்தாலும் டின்னைத் தொடுவதில்லை. அக்டோபர், நவம்பர் மழையில் ஒரு நல்ல நாளுக்கு இரண்டு வாரம் காத்திருக்க நேரிடும். அந்த நாட்களில் சக்கரம் உப்புத்தாள் போடுவது போன்ற வேலையைச் செய்யுங்கள்.

டின்னை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் வையுங்கள். கொதிநீர் கூடாது, வெடிக்கும். பிறகு நன்றாகக் குலுக்கி, 20 சென்டிமீட்டர் தள்ளி, டாங்கிக்கு வெளியே ஆரம்பித்து, கடந்துபோய், வெளியே நிறுத்துங்கள். ஒரே அடியில் மூடப் பார்க்காதீர்கள். மெல்லிசாக மூன்று முறை, நடுவில் இருபது நிமிடம். வீட்டுக்கு வெளியே, காற்று பின்னாலிருந்து வரும் பக்கம் நின்று அடியுங்கள். கோழியும் குழந்தைகளும் பக்கத்தில் வேண்டாம்.

வரிசை: பிரைமர், ஒரு நாள் காயட்டும். மஞ்சள், இரண்டு நாள். பளபள வார்னிஷ், இரண்டு நாள். வெளுத்துவிட்டால் பயப்பட வேண்டாம். வெயில் நாள் வரும்வரை விட்டுவிட்டு அதே நிறத்தை மெல்லிசாக மறுபடி அடித்தால் பெரும்பாலும் போய்விடும். நான் அது தெரியாமல் சுரண்டிக் கெடுத்தேன்.

8. டீக்கால், வாஷ்

கோபுரத்தின் எண்களும் சிலுவையும் பளபளப்பான பரப்பின் மேல்தான் ஒட்டும். சொரசொரப்பில் ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளையாகத் தெரியும். இதற்காகவே பளபள வார்னிஷ். வெட்டிய துண்டைத் தண்ணீரில் பத்து விநாடி நனைத்து, வெளியே ஒரு நிமிடம் வைத்து, திரவம் தொட்ட இடத்தில் நழுவவிட்டு, பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றி எடுங்கள். ஒரு நாள் காயட்டும்.

வாஷ் என்பது இடுக்குகளில் ஓடி நிழல் காட்டும் மிக மெல்லிய எனாமல். இதன் கரைப்பான் வண்ணம் படாத பிளாஸ்டிக்குள் ஊறினால், இறுக்கமாகச் செருகிய இடங்களில் பிளாஸ்டிக் விரிசல்விட்டு உடையும். என் சக்கரக் கைகள் உடைந்தது அப்படித்தான், அடிப்பக்கத்தில் வண்ணமும் வார்னிஷும் அடிக்காமல் விட்டிருந்தேன். அடிப்பக்கத்தையும் சேர்த்து அடியுங்கள். வாஷைக் குளம் கட்ட விடாமல், ஆணித் தலையிலும் கதவு ஓரத்திலும் நுனியால் மட்டும் தொடுங்கள். அரை மணி கழித்து எக்ஸ்-20 தொட்ட பஞ்சால் மிச்சத்தைத் துடையுங்கள். பஞ்சு ஈரமாக இருக்கக்கூடாது, ஈரத்தின் வாசம் மட்டும் இருக்க வேண்டும்.

9. சங்கிலிப் பட்டை

நிஜ டைகரின் சங்கிலி ஒரு பக்கம் 96 கண்ணி, 725 மில்லிமீட்டர் அகலம். அந்தக் கனத்தில் மேல்பகுதி தொய்ந்து சக்கரங்களின் தலையில் படுத்திருக்கும். கிட்டில் வரும் வளையும் பட்டை அப்படித் தொய்யாது, ரப்பர் பேண்ட் மாதிரி விறைத்து நிற்கும். மாடல் பொம்மையாகத் தெரிவதற்கு இதுதான் முதல் காரணம்.

பட்டையை எக்ஸ்எஃப்-64 செம்பழுப்பு அடித்து, தரையில் படும் விளிம்புகளில் மட்டும் எக்ஸ்எஃப்-56 உலோகச் சாம்பலைக் காய்ந்த தூரிகையால் தேயுங்கள். மாட்டிய பிறகு சக்கரத் தலையில் சூப்பர் குளூ ஒரு சொட்டு வைத்து, பட்டையை அழுத்தி, மேலே சிறு ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகி ஒரு மணி நேரம் விடுங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று இடத்தில் பிடித்தால் போதும். பட்டை எந்தத் திசை பார்க்க வேண்டும் என்பதைத் தாளில் இரண்டு முறை பார்த்த பிறகே பசை வையுங்கள்.

10. சேறும் தூசியும்

மறுநடவுக்காகச் செம்பனை சாய்க்கும் இடத்துக்குப் போய், அங்கே நிற்கும் எக்ஸ்கவேட்டரின் சங்கிலியைப் பத்து நிமிடம் பாருங்கள். சேறு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அப்பியிருக்காது. சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவில் கட்டியாக, பின்பக்கம் தெறிப்பாக, மேலே தூசியாக இருக்கும். ஆள் ஏறி இறங்கும் படியில் தேய்ந்து இரும்பு தெரியும். காய்ந்தது வெளிறியும் ஈரமானது கறுத்தும் ஒரே சங்கிலியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

அமைப்பை அங்கே கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் நிறத்தை அங்கிருந்து எடுக்காதீர்கள். நம் செம்மண்ணை அப்படியே பூசினால் ரஷ்யாவில் ஓடிய டாங்கி பேராக் தோட்டத்தில் ஓடியது மாதிரி ஆகிவிடும். எக்ஸ்எஃப்-52 மண் நிறத்தையும் எக்ஸ்எஃப்-57 வெளிர்பழுப்பையும் கலந்து, ஹார்டுவேர் கடை ஜிப்சம் தூள் ஒரு சிட்டிகை சேர்த்தால் கட்டியான சேறு வரும். தூள் சேர்க்காமல் நிறைய தின்னர் கலந்தால் தூசி. கீழே அதிகம், மேலே போகப்போகக் குறைவு. கடைசியாக மங்கல் வார்னிஷ், அதுவும் வெயில் நேரத்தில்தான்.

வாரம் ஐந்தாறு மணி நேரம் உட்கார்ந்தால், காயவிடும் நாட்களையும் சேர்த்து, ஒன்பது வாரம் ஆகும். எனக்கு மழையால் பதினொன்று ஆனது.

முடித்ததைத் திறந்த அலமாரியில் வைக்காதீர்கள். பல்லி எச்சம் மங்கல் வார்னிஷில் பட்டால் கறை போகாது. மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை 30 வெள்ளிக்குள் வாங்கலாம், உள்அளவு 28 சென்டிமீட்டருக்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள். வார்னிஷ் வாசம் முழுக்கப் போன பிறகுதான் மூட வேண்டும். எனக்கு அதற்கு ஒரு வாரம் பிடித்தது.